பேரரசு சாய்ந்தபின் நின்ற மண்டபம்: தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியும் குடிபெயர்வின் வரலாறும்

திண்டுக்கல்லினின்றும் வடக்கே கரூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், குடகனாற்றங்கரையில், தாடிக்கொம்பு என்னும் ஊரில் ஸ்ரீ ஸௌந்தரராஜப் பெருமாள் கல்யாண ஸௌந்தரவல்லித் தாயாரோடு எழுந்தருளியிருக்கிறார். ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற நூற்றெட்டுத் திருப்பதிகளுள் இத்தலம் இல்லை. ஆயினும் இங்குள்ள ரங்கமண்டபத்தில் நிற்பவர், பாடல்பெற்ற பல தலங்களில் காணாத சிற்பச் செல்வத்தைக் காண்கிறார். ஹிரண்யனோடு பொருகிற நரஸிம்ஹன் ஒரு தூணிலும், அவனை மடியிலிட்டுப் பிளக்கிற நரஸிம்ஹன் மற்றொரு தூணிலும் நிற்கின்றனர். உலகளந்த திருக்கோலமும், வைகுண்டநாதனும், கருடன்மேல் எழுந்தருளும் கோலமும், அனுமன் தோள்மேல் வீற்றிருக்கும் சக்கரவர்த்தித் திருமகனும் ஆளுயரத்திற்கு மேற்பட்ட ஒற்றைக்கல் வடிவங்களாக உள்ளனர். கார்த்தவீர்யார்ஜுனனும் ரதி மன்மதரும் உளர். அகோர வீரபத்திரரும் ஊர்த்துவ தாண்டவமும் காளியும் அதே மண்டபத்தில் இடம்பெற்றிருப்பது, இதனைக் கட்டுவித்தோர் ஒரே ஸம்ப்ரதாயத்தார்க்காக மட்டும் கட்டுவிக்கவில்லை என்பதைக் காட்டும்.

பாடல்பெறாத ஒரு தலத்தில் இத்தனை பெரிய திருப்பணி எதனால் நிகழ்ந்தது? தலபுராணம் ஒரு விடை சொல்கிறது. துர்வாஸர் சாபத்தால் தவளை உருவெய்திய மண்டூக முனிவர் இங்கே தவம் செய்ய, அத்தவத்திற்கு இடையூறு செய்த அசுரனைத் தண்டிக்கத் திருமாலிருஞ்சோலை அழகர் இங்கு எழுந்தருளினார் என்பது அது. வரலாறு சொல்லும் விடை வேறு, ஆனால் முரணானதன்று. புராணத்திலும் வரலாற்றிலும் இத்தலம் தெற்கேயுள்ள அழகர்மலையைச் சார்ந்தே நிற்கிறது. அழகர்மலையின் அருள் வடக்கே நீண்டதற்கு வழியும் வாகனமும் அமைத்துக் கொடுத்தது விஜயநகரப் பேரரசு.

கொங்கு நாட்டினின்றும் கன்னட நாட்டினின்றும் மதுரைக்கு வரும் படை எதுவாயினும் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கடக்காமல் செல்வது அரிது. கோட்டையை வைத்திருப்பவனே மதுரையின் வடவாயிலை வைத்திருந்தான். அச்யுத தேவராயர் 1529 முதல் 1542 வரை ஆண்டவர். தென்னாட்டின்மேல் அவர் செய்த படையெடுப்பையும், அப்போது திருவரங்கத்தில் தங்கியதையும் ராஜநாத டிண்டிமரின் 'அச்யுதராயாப்யுதயம்' என்னும் காவியம் விரிக்கிறது. தாடிக்கொம்புக் கோயில் அவர் காலத்தில் எடுப்பிக்கப்பெற்றது என்பது வழங்கும் செய்தி. ரங்கமண்டபத்தின் சிற்ப அமைதி அதற்குப் பிற்பட்ட நாயக்கர் காலத்தைச் சார்ந்தது. பேரூர்க் கனகஸபையையும் அழகர்கோயில் மண்டபத்தையும் அருகே வைத்து நோக்குவார்க்கு இது விளங்கும்.

பேரரசின் வீழ்ச்சி என்றதும் 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரையே அனைவரும் சொல்வர். விஜயநகரப் பட்டணம் அழிந்தது உண்மை. ஆனால் அதன் பிறகும் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகர் தெற்கே தெற்கே நகர்ந்து, அரசு எண்பது ஆண்டுகள் வாழ்ந்தது. தமிழகத்துக் கோயில்களுக்கு வீழ்ச்சி என்பது ஒரு நாளில் வந்ததன்று. அது மெல்ல வடிந்த வெள்ளம். அந்த வடிதலின் நடுவே மதுரையில் விசுவநாத நாயக்கர் மரபு வேரூன்றியது; எழுபத்திரண்டு பாளையங்கள் பிரிக்கப்பட்டன. திண்டுக்கல் சீமையில் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்கள் அமைந்தன. பாளையக்காரர் பலர் தெலுங்கையோ கன்னடத்தையோ தாய்மொழியாகக் கொண்டு, துங்கபத்திரைக்கு அப்பாலிருந்தும் இப்பாலிருந்தும் படையோடு வந்தவர்கள். வந்த ஊரில் வேர் பிடிக்க அவர்கள் கொண்ட முதல் வழி கோயிலில் மண்டகப்படி பெறுவது. திருமஞ்சனத்திற்கு ஒரு நாள், வாகனத்திற்கு ஒரு நாள் என்று பெற்ற உரிமை, நிலத்தின்மேல் பெற்ற உரிமைக்குச் சாட்சியாயிற்று. எனவே தாடிக்கொம்பு மண்டபத்தைப் 'பேரரசின் பெருமை' என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அது பேரரசு தளர்ந்த காலத்தில், குடிபெயர்ந்து வந்தோர் தமக்கு ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட முயற்சியின் கல்வடிவமுமாகும்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மதுரைச் சித்திரைப் பெருவிழாவோடு அழகர் எழுந்தருளும் விழாவை இணைத்தவர் அவரே என்பது வழக்கு. தாடிக்கொம்பிலும் சித்திரைப் பௌர்ணமியில் அழகர் குடகனாற்றில் இறங்குகிறார். வைகையில் நிகழ்வதை வடக்கே குடகனாற்றில் நிகழச் செய்த விழா இது. வைகை கிழக்கே ஓடுகிறது. குடகனாறோ பழனிமலைச் சாரலில் தோன்றி வடக்கே ஓடி அமராவதியில் கலந்து, அதன் வழியே காவிரியைச் சேர்கிறது. அழகரின் அடிபட்ட நீர் அரங்கனின் ஆற்றிலே சென்று சேரும் என்று பெரியோர் ரஸிப்பதுண்டு.

இதே திருமலை நாயக்கர்தாம் பேரரசின் இறுதி மூச்சையும் நிறுத்தியவர்களுள் ஒருவர். கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் தம் நாயக்கர்களை மீண்டும் அடக்க முற்பட்டபோது, திருமலை நாயக்கர் கோல்கொண்டா ஸுல்தானோடு உறவு கொண்டார். வேலூர் விழுந்தது. ஸுல்தான்களின் படைகள் பின்னர்ச் செஞ்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் வந்தபோதுதான் செய்ததன் விலை தெரிந்தது. இவற்றை அக்காலத்து இயேசு சபைப் பாதிரிமார் தம் தலைமையகத்திற்கு எழுதிய கடிதங்கள் விவரிக்கின்றன. கோயில் வரலாறு எழுதுவோர் இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம். மண்டபம் கட்டிய கையும் பேரரசைச் சாய்த்த கையும் ஒன்றாயிருப்பது சொல்லக் கூசுவதாயிருக்கலாம். ஆனால் அதுவே நிகழ்ந்தது. ஸுல்தான்களின் படையே அனைத்தையும் அழித்தது என்று கூறிவிடுவது எளிது. வாயிலைத் திறந்துவிட்டவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். அவர் ஆட்சியின் இறுதியாண்டுகளில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, அகப்பட்டவர் மூக்கை அரிந்து சென்ற 'மூக்கறுப்புப் போர்' நிகழ்ந்தது. அக்காலத்தில் வழிநெடுக இருந்த ஊரார் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை.

படையோடு வந்தவர்களேயன்றித் தறியோடு வந்தவர்களும் உண்டு. ஸௌராஷ்ட்ரப் பட்டுநூற்காரர் விஜயநகரத்தின் நிழலில் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றனர். திண்டுக்கல்லிலும் அவர்கள் குடியிருப்பு உண்டாயிற்று. அவர்கள் ப்ராஹ்மண அனுஷ்டானம் செய்யலாமோ என்ற வழக்கில் ராணி மங்கம்மாள் 1705இல் அவர்கட்கு அனுகூலமான சாஸனம் அளித்தார். வந்தவர்களை ஸம்ப்ரதாயம் ஏற்றது; ஏற்றதன் பயன் பின்னர் விளங்கிற்று. வேங்கடஸூரி ஸ்வாமிகள் ஸௌராஷ்ட்ர மொழியில் ராமாயணம் செய்தார். மதுரை நடனகோபால நாயகி ஸ்வாமிகள் (1843–1914) ஆழ்வார்திருநகரியில் ஆசார்ய ஸம்பந்தம் பெற்று, நாயகீ பாவத்தில் தம் தாய்மொழியில் பாடி, அழகர்மலை வழியிலேயே திருவரசு கொண்டார். குடிபெயர்ந்த ஒரு சமூகம் பூர்வாசார்யர்களின் அர்த்தத்தைத் தன் மொழியில் பெயர்த்துக்கொண்டது இது.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்திற்குக் குடிபெயர்வு புதிதன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளையே திருவரங்கத்தினின்றும் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தென்திசை நடந்தார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகையைக் காத்துக்கொண்டு மேற்கே சென்றார். நம்பெருமாள் பல நாடு கண்டு 1371இல் கோபணாரியரால் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தார். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் வியாக்கியானங்கள் அழியாமல் நின்றது எவ்வாறு? மதுரையில் அரச காரியம் பார்த்திருந்த திருமலையாழ்வாரைக் கூரகுலோத்தம தாஸர் தேடிப் பிடித்து மீட்ட சரிதம் அனைவரும் அறிந்ததே. அவர் அரச காரியத்தைத் துறந்து, திருவநந்தபுரம் சென்று விளாஞ்சோலைப் பிள்ளையிடம் ரஹஸ்யார்த்தம் கேட்டார்; நாலூராச்சான் பிள்ளையிடம் ஈடு கேட்டார்; திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்றார். அவரிடமிருந்து மணவாள மாமுனிகளுக்கு வந்தது. நாடிழந்த காலத்தில் நூல் காக்கப்பட்டது கோட்டையாலன்று, ஒருவர் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டதனால்.

விளாஞ்சோலைப் பிள்ளை பிறப்பால் திருவநந்தபுரத்துக் கோயிலுள் புகும் உரிமை அற்றவர். மதுரை அரசில் மந்திரியாயிருந்த அந்தணர் அவர் திருவடியில் விழுந்து கேட்டார். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டைச் சுருங்கச் சொல்லலாம். ராணி மீனாட்சியோடு மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. அம்மையநாயக்கனூர் அருகே சந்தா ஸாஹிபின் படையிடம் பங்காரு திருமலை நாயக்கர் தோற்றார். 1740களின் நடுவில் திண்டுக்கல் மைசூர்க்கு ஆயிற்று. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக வந்தார். பிற்காலத்து அவருடைய பெருவாழ்வு தொடங்கியது இம்மலையடிவாரத்திலேதான். சிவகங்கை வேலு நாச்சியார் 1772க்குப் பின் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் அடைக்கலம் பெற்று, ஹைதரின் துணையோடு 1780இல் தம் நாட்டை மீட்டதும் இக்காலத்தது. ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலத்தால் பேகம்பூர் பெயர் பெற்றது. மைசூர் ஆட்சியைக் கோயில்களின் அழிவுக்காலமாக மட்டும் காட்டுவோர், தாடிக்கொம்பு மண்டபத்துத் தூண்கள் அவ்வாட்சி முழுவதும் நின்றன என்பதையும், ஸ்ரீரங்கபட்டணத்தில் திப்புவின் அரண்மனைக்கு அருகிலேயே ஆதிரங்கனுக்குத் திருவாராதனம் நடந்துவந்தது என்பதையும் எண்ணவேண்டும். பலமுறை கைமாறிய சீமையில் குடிகளை வருத்தியது மதம் அன்று. படைகளின் தீனியும், இரட்டிப்பாகத் தண்டப்பட்ட வரியும்தான். உழுபவன் ஊரை விட்டுப் போனால் கோயிலின் மேல்வாரமும் போயிற்று. விளக்கெண்ணெய் நின்றதற்கு அதுவே காரணம்.

1783இல் கும்பினிப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திருப்பிக் கொடுத்தது. 1790இல் மீண்டும் பிடித்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையால் சீமை கும்பினிக்கே ஆயிற்று. 1801இல் விருப்பாட்சிக் கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டதோடு பாளையக்காரர் காலம் ஓய்ந்தது. போருக்குப் பின் வந்த சமூக மாற்றம் என்று பேசும்போது இந்தப் போரையே முதலில் நிறுத்தவேண்டும். இதற்கு முன் வென்றவன் எவனாயினும் தோற்றவன் செய்த மண்டகப்படியைத் தானும் செய்தான். அவ்வாறு செய்வதே வென்றதற்கு அடையாளம். கும்பினியோ வென்றது, மண்டகப்படி கேட்கவில்லை. அது கேட்டது கணக்கு. ஹர்டிஸ் என்னும் ஆட்சியர் ஊர்தோறும் நிலத்தை அளப்பித்தார். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொடிய காய்ச்சலில் அளந்த நிலத்தை உழவும் ஆள் குறைந்தது.

1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதிப்படி கோயில் நிர்வாகம் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு வந்தது. கிறித்தவ அரசு விக்ரஹாராதனைக்குத் துணைபோகலாகாது என்று சீமையில் எழுந்த கூக்குரலால் 1840களில் அரசு கைவிலகிற்று. 1863ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் கோயில்களைக் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. இவற்றினும் கைங்கர்யபரர்களின் வாழ்வை நேராகத் தொட்டது இனாம் விசாரணை. அதன் இயல்பை இக்காலத்து இளையோர் அறியார் ஆகையால் சிறிது விரித்தல் தகும்.

கோயிலுக்கு அரசர் விட்ட மானியம் பெரும்பாலும் நிலத்தையே விட்டதன்று; நிலத்தின்மேல் அரசர்க்குரிய மேல்வாரத்தை விட்டது. உழுபவனுக்குரிய குடிவாரம் அவனிடமே இருந்தது. அர்ச்சகர், பரிசாரகர், மடைப்பள்ளியார், அத்யாபகர், மாலைகட்டி, மேளக்காரர், வண்ணார், குயவர் என்று ஒவ்வொருவருக்கும் தொழிலுக்கு ஈடாகத் துண்டு துண்டாக மானியம் இருந்தது. 1858க்குப் பின் இனாம் கமிஷன் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பட்டயம் கொடுத்தது. சொந்த மானியத்தைத் தீர்வை கட்டி முழுச் சொத்தாக்கிக்கொள்ள இடமிருந்தது; கோயில் ஊழிய மானியமோ ஊழியம் நடக்குமளவும் மட்டுமே செல்லும் என்று உறுதி செய்யப்பட்டது. இதன் விளைவு இருவகைப்பட்டது. அரசர் இல்லாத காலத்திலும் கைங்கர்யம் தொடர்ந்தது இந்த நிபந்தனையால். கைங்கர்யம் 'ஸேவை'யாக இல்லாமல் 'ஊழிய'மாக, வழக்காடத்தக்க உரிமையாக மாறியதும் இந்த நிபந்தனையாலேயே. திருவுள்ளம் என்ற சொல் இருந்த இடத்தில் பட்டயம் என்ற சொல் வந்தது.

1875ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியினின்றும் திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் தானியத்தைக் கொணர்ந்த ரயிலே குடிகளைக் கொண்டும் போயிற்று. கங்காணிமார் கையில் முன்பணம் பெற்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் மதுரை ஜில்லாவினின்றும் சென்றோர் மிகப் பலர். அக்ரஹாரத்தார் சென்றதும் அதே ரயிலில்தான். ஆனால் எதிர்த்திசையில், ஆங்கிலப் பள்ளிக்கும் கச்சேரிக்கும். உழவன் பசியால் போனான். அக்ரஹாரத்தான் உத்தியோகத்தால் போனான். முன்னவன் திரும்பி வந்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினான்; பின்னவன் திரும்பி வந்தால் உத்ஸவத்துக்கு உபயம் எழுதினான். இருவருமே ஊரில் இல்லை என்பதுதான் கணக்கில் முக்கியம்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் போக்கை விரைவுபடுத்தியது. 1942இல் பர்மா விழ, நடந்தும் கப்பலேறியும் தமிழர் மீண்டனர். நெல் விலை ஏறிற்று, அரிசி பங்கீட்டுக்கு வந்தது. போர் முடிந்தபின் பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த சட்டங்களை வரிசையில் நோக்கினால், இருநூறு ஆண்டுகளில் பேரரசுகள் மாறியபோது மாறாதவை எத்தனை மாறின என்பது தெரியும். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம். அதே ஆண்டில் தேவதாஸி முறை ஒழிப்பு. 1948இல் ஜமீன் ஒழிப்பு. 1951இலும் 1959இலும் அறநிலையச் சட்டங்கள். 1963இல் சிறு இனாம்கள் ஒழிப்பு. 1971இல் அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமை நீக்கம். சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் அந்நீக்கத்தை ஏற்று, ஆகம மரபின்படியே நியமனம் வேண்டும் என்பதையும் சுட்டியது. தறி, கலப்பை, துளசி மாலை, மிருதங்கம் அனைத்தையும் கட்டியிருந்த ஒரே கயிறு மானியம். அது ஒரு தலைமுறைக்குள் அவிழ்ந்தது. மானியத்தை உழுதவர்க்குப் பட்டா கிடைத்தது நியாயமே. பலநூறாண்டு வியர்வைக்கு அது காலங்கடந்த கூலி. பட்டா பெற்றவர்க்கும் கோயிலுக்கும் இடையே வேறொரு கட்டு உண்டாக்கப்படவில்லை என்பதே குறை.

இவற்றுள் ஆலயப் பிரவேசம் பற்றிச் சிறிது தங்கிச் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஸந்நிதியில் வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்டோரோடும் நாடார் ஒருவரோடும் புகுந்தபோது, எதிர்த்தவர் பலர் சாஸ்த்ரத்தைக் காட்டினர். ஸ்ரீவைஷ்ணவர்களிலும் அவ்வாறு காட்டியோர் உண்டு. அவர்கள் தம் நித்யாநுஸந்தானத்து நூல்களையே மறந்தனர் என்று சொன்னால் மிகையன்று. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வது எத்துணைக் கொடிய அபசாரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் விதித்திருக்கிறார். நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் அதனை விரித்திருக்கிறார். மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி சரம கைங்கர்யம் செய்தார்; அதைக் குறைகூறியவர்க்கு அவர் சொன்ன விடை குருபரம்பரையில் உள்ளது. மேலே சொல்லி வைத்த விளாஞ்சோலைப் பிள்ளை கோயில் வாசலுக்கு வெளியே மரத்தின்மேலேறிக் கோபுரத்தை ஸேவித்தவர்; அவரிடம் உள்ளே போகக்கூடியவர் வந்து அர்த்தம் கேட்டார். அந்தக் கேள்வி நிகழ்ந்திராவிடில் ஸ்ரீவசநபூஷண வியாக்கியானமே நமக்கு வந்திராது. ஆகவே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வெளியிலிருந்து ஸம்ப்ரதாயத்தின்மேல் விழுந்த இடி என்று கருதுவது பொருந்தாது. ஆறு நூற்றாண்டுகளாக ஏட்டில் இருந்ததை வாசலில் செய்யாதிருந்தோம். வாசலில் செய்வித்தது அரசு. செய்வித்தவர்களில் பலர் ஏட்டைப் படித்தவரல்லர் என்பது வேறு செய்தி.

நிலம் போனது, உரிமை போனது என்பவையெல்லாம் பேசப்பட்டு வழக்கு மன்றம் வரை சென்றன. பேசப்படாமல் போனது காலக்ஷேபம். ஈட்டை ஒருவன் தானே படித்து அறிவது அரிது. வடமொழிச் சொல் தமிழ் விகுதியேற்று வரும் மணிப்ரவாள நடை. அவதாரிகை எங்கு முடிகிறது, கேள்வி எங்கே, ஸமாதானம் எங்கே, 'என்னில்' என்பது யாருடைய வாய்மொழி என்பதெல்லாம் ஆசார்யன் குரலில் ஏறி இறங்கும்போதுதான் தெளியும். மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டு ஈட்டை அருளிச்செய்ததைக் கொண்டாடுகிற நாம், அதற்கு வேண்டியவை எவை என்று எண்ணுவதில்லை. தினமும் வரக்கூடிய சிலர், அவர்கள் பசி தீரக் கோயில் ப்ரஸாதம், பகலில் ஒரு நாழிகை ஓய்வு. இம்மூன்றையும் அக்ரஹாரமும் மானியமும் கொடுத்துவந்தன. தலைக்கோட்டையும் மூக்கறுப்புப் போரும் கும்பினியும் இம்மூன்றைக் குறைத்தன, அழிக்கவில்லை. உத்தியோகம் அழித்தது. பம்பாயிலும் தில்லியிலும் மாதச் சம்பளம் பெற்றவன் ஊருக்குப் பணம் அனுப்பலாம். நாள்தோறும் ஒரு நாழிகையை அனுப்ப இயலாது.

ஏடு மட்டும் அச்சேறி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாக்கியானங்கள் தெலுங்கு லிபியிலும் க்ரந்த லிபியிலும் அச்சாயின. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அவை மூடிய கதவு. இருபதாம் நூற்றாண்டில் காஞ்சி ப்ரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமி எளிய நடையில் திவ்யார்த்த தீபிகை அருளினார். திருச்சிப் புத்தூர் அக்ரஹாரம் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் ஸ்வாமி பூர்வர்களின் வியாக்கியானங்களைத் தமிழ் லிபியில், அரும்பதத்தோடு, நஷ்டத்தைப் பாராமல் வெளியிட்டார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக ஈட்டின் தமிழாக்கத்தை வெளியிட்டது. அதனைச் செய்தவர் பு. ரா. புருஷோத்தம நாயுடு. அவர் பிறந்த குலத்தைக் கேட்காமல் அந்நூலைக் கையில் எடுத்துப் படித்தவர்களில் மடத்து வித்வான்களும் உண்டு. பிள்ளை லோகாசார்யர் விதித்தது இந்த ஓரிடத்திலேனும் பெரும் ஆரவாரமின்றி நடந்தேறியது.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களினின்றும் திரும்பியவர்களில் பலர் கொடைக்கானல் மலையிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தனர். முப்பாட்டன் தாது வருஷத்தில் விட்டுச் சென்ற சீமைக்கு, அவன் பேரர் அகதி என்ற பெயரோடு வந்தனர். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. தாடிக்கொம்பு ஸந்நிதிக்கு இப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. தேய்பிறை அஷ்டமியில் ஸ்வர்ணாகர்ஷண பைரவருக்கும், விவாஹம் வேண்டி வியாழக்கிழமைகளில் ரதி மன்மதருக்கும் வருவோரின் வண்டிகள் சாலையை அடைக்கின்றன. கூலி, பூ, எண்ணெய், தேங்காய் விற்போர் வாழ்கின்றனர், பெருமாளும் ஸேவிக்கப்படுகிறார். இதனை இகழ்வது தகாது. பயனை வேண்டி வருபவனையும் எம்பெருமான் உதாரன் என்றே கொள்கிறான் என்பது கீதாபாஷ்யம் கற்றார்க்குத் தெரியும். ஆனால் அக்கூட்டத்தில் ஒருவராவது ரங்கமண்டபத்துத் தூணின் முன் நின்று, ஹிரண்யனோடு பொருகிற நரஸிம்ஹனும் அவனைப் பிளக்கிற நரஸிம்ஹனும் ஏன் தனித்தனியே செய்யப்பட்டனர் என்று கேட்டால், பதில் சொல்ல ஒருவர் அங்கே வேண்டும்.

அதற்கு மானியம் வேண்டியதில்லை, பேரரசும் வேண்டியதில்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு வெளியூரினின்றும் வரும் கைங்கர்யபரர் இரண்டு நாள் முன்னதாக வந்து, மண்டபத்திலேயே இருந்து, மாலையில் ஒரு நாழிகை ஏதேனும் ஒரு திருவாய்மொழிக்கு ஈடு படித்தால் போதும். கேட்க வருபவர் நாயக்கர் வழியினராகவோ, பட்டுநூற்காரராகவோ, தோட்டத்தினின்றும் மீண்டவர் பேரராகவோ இருக்கலாம். புத்தூர் ஸ்வாமி பதிப்பும் நாயுடுவின் தமிழாக்கமும் கைக்கு எட்டுமிடத்தில் இருக்கின்றன. தூண்கள் நடுவே இடமும் இருக்கிறது.